கத்தரிக்காயில் தொடங்கி மாட்டுக்கறியில் முறிந்த ஒரு பேச்சு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

முகநூலில் ஒரு சமையல் குழுவை மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறோம். ஒருவர் சேலத்தில் பள்ளி ஆசிரியை. ஒருவர் குவைத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். நான் சென்னை. 2022 மே மாதம் குழுவில் பதினோராயிரம் பேர் சொச்சம் இருந்தார்கள். அதில் வாய் திறந்து எழுதுகிறவர்கள் நூறு பேர் தேறினால் அதிகம்.

அந்த நூறு பேருக்கும் சண்டைதான் பொழுதுபோக்கு. சாம்பாரில் வெல்லம் போடுவது பாவமா, ரசத்துக்குப் பூண்டைத் தோலோடு தட்டுவதா உரித்துத் தட்டுவதா என்று நள்ளிரவு வரை ஓடும். 2020 அக்டோபரில் ஒரு பிரிட்டிஷ் வரலாற்று விரிவுரையாளர் இட்லியை உலகத்திலேயே சலிப்பான பண்டம் என்று ட்விட்டரில் எழுத, சசி தரூர் வரை பதில் சொன்னாரே, அந்த வாரம் எங்கள் குழுவில் இட்லிக்கு ஆதரவாக மட்டும் நாற்பது பதிவுகள். எதிர்த்து எழுத ஆள் கிடைக்காமல் ஒருவர் வேண்டுமென்றே எதிர்க்கட்சி ஆனார்.

இந்த மாதிரி சண்டையில் யாருக்கும் காயம் படுவதில்லை, தோற்கவும் யாரும் வேண்டியதில்லை. ரசகுல்லா யாருடையது என்று வங்காளமும் ஒடிசாவும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டின. 2017இல் வங்காளத்து ரசகுல்லாவுக்கும் 2019இல் ஒடிசா ரசகுல்லாவுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். எங்கள் குழுவில் யார் சண்டை போட்டாலும் இதைச் சொல்லித்தான் முடித்து வைப்போம்.

குழுவின் விதிகளில் மூன்றாவது: "அரசியல் வேண்டாம், சாப்பாடு மட்டும்." அதை எழுதியவன் நான்.

இந்த நிகழ்வில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் திண்டுக்கல்காரர், அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். கிண்டல் அவருக்குக் கைவந்த கலை. அவர் கமெண்டுக்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டும். இன்னொருவர் வாணியம்பாடிப் பக்கத்துப் பெண், முப்பதுக்குள் இருப்பார், சென்னையில் வேலை. ஒரு வருடமாக இருவருக்கும் பிரியாணி பங்காளிச் சண்டை. இவர் "ஐயா, உங்க ஊர் பிரியாணியில கறியைத் தேட பூதக்கண்ணாடி வேணும்" என்பார். அவர் "ஏம்மா, மிளகு காரம் தாங்காதவங்கதான் கத்தரிக்காய்க்குப் பின்னாடி ஒளிவாங்க" என்பார். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

ஞாயிறு

மே 8, ஞாயிற்றுக்கிழமை. ஓசூரிலிருந்து ஒரு உறுப்பினர் தன் வாழ்க்கையின் முதல் பிரியாணியைச் செய்து படம் போட்டார். சீரக சம்பா, மட்டன். அடியில் லேசாகப் பிடித்திருந்தது. "அரிசி குழைஞ்சிருச்சா, சரியா இருக்கா, சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்.

அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. படத்தின் ஓரத்தில் கிண்ணத்தில் கத்தரிக்காய் இருந்தது, அவ்வளவுதான், திண்டுக்கல்காரர் பிடித்துக்கொண்டார். "பிரியாணிக்குப் பக்கத்துல கத்தரிக்காய் எதுக்குங்க? மாப்பிள்ளைத் தோழனா?" வாணியம்பாடிப் பெண் விடவில்லை. ஆம்பூர் பக்கம் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடுவதையும், அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்து மசாலாவில் சேர்த்து, மூடி மேல் கரி போட்டு தம் கட்டுவதையும், அந்தக் காரத்துக்குப் புளிப்பான எண்ணெய்க் கத்தரிக்காய் எப்படிச் சேர்கிறது என்பதையும் எழுதினார். அன்று மொத்தம் 29 கமெண்டுகள். நாங்கள் மூன்று பேரும் ரசித்துப் படித்தோம். தலையிட ஒன்றுமில்லை, தலையிடவும் இல்லை.

புதன்: செய்தி வந்து சேர்ந்தது

அந்த வாரம் ஆம்பூர் செய்தியில் இருந்தது. மே 13 முதல் 15 வரை திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அங்கே பிரியாணித் திருவிழா நடத்துவதாக இருந்தது. கோழி உண்டு, ஆடு உண்டு, மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்று தெரியவந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. அரங்குக்கு வெளியே மாட்டிறைச்சி பிரியாணியை இலவசமாகவே கொடுப்போம் என்று சில கட்சிகளும் அமைப்புகளும் அறிவித்தன.

புதன் மாலை ஏழு மணி வாக்கில் ஒரு உறுப்பினர் இந்தச் செய்தியின் சுட்டியை ஓசூர்க்காரரின் படத்துக்குக் கீழே கமெண்டாகப் போட்டார். "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று மட்டும் எழுதியிருந்தார். தனிப் பதிவாகப் போட்டிருந்தால் அது எங்கள் ஒப்புதலுக்கு வந்திருக்கும். கமெண்டுக்கு ஒப்புதல் கிடையாது.

திண்டுக்கல்காரர் வழக்கமான தோரணையில் வந்தார்: "ஆம்பூர் பிரியாணின்னா ஆடும் கோழியும்தான். மத்ததெல்லாம் வறுமைக்குத் தின்னது. அதைக் கொண்டுபோய் விழாவுல வைப்பாங்களா?" பின்னால் இரண்டு சிரிப்புப் பொம்மை. கத்தரிக்காய்க்குப் போட்ட அதே பொம்மை.

எனக்கு இன்றும் தோன்றுவது, அவர் அன்று கோபமாக எழுதவில்லை, வெறுப்பாகவும் எழுதவில்லை. ஒரு வருடமாக அந்தப் பெண்ணிடம் கிண்டலுக்கு உரிமை இருந்தது, அதே உரிமையோடு இதையும் எழுதிவிட்டார். இது வேறு இடம் என்று அவருக்கு உறைக்கவில்லை. கத்தரிக்காயைக் கிண்டல் செய்தால் கத்தரிக்காய்க்கு ஒன்றும் ஆகாது. "வறுமைக்குத் தின்னது" என்றால் தின்றவர்களில் ஒருவர் எதிரில் இருக்கிறார்.

அந்தப் பெண் பதில் எழுத அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். நீளமான பதில். சேலத்து ஆசிரியை எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் அதன் முதல் பாதி இருக்கிறது. அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்ததையும், ஞாயிற்றுக்கிழமை ஆயா மாட்டுக்கறி பிரியாணி செய்யும்போது தெருவில் எத்தனை வீட்டுக்குத் தூக்குவாளி போகும் என்பதையும் எழுதியிருந்தார். மாட்டுக்கறி வேக நேரமெடுக்கும் என்பதால் ஆயா காலை ஏழு மணிக்கே அடுப்பு பற்ற வைப்பாராம். கடைசியில் ஒரு கேள்வி: "உங்க திண்டுக்கல்லயும் தோல் பதனிடுற இடங்கள் இருக்கே ஐயா. அங்க வேலை செஞ்சவங்க ஞாயித்துக்கிழமை என்ன சமைச்சாங்கன்னு கேட்டுப் பாத்திருக்கீங்களா?"

தன் மதம் என்ன, சாதி என்ன என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதைக் கேட்டவர்கள் ஏழு பேர்.

புதன் இரவு: நாங்கள் செய்தது

முதலில் செய்தது, எட்டே முக்காலுக்கு நான் போட்ட கமெண்ட்: "நண்பர்களே, விதி எண் 3. அரசியல் வேண்டாம், சாப்பாடு மட்டும் பேசுவோம்." பொதுவாகச் சொன்னால் யார் பக்கமும் சாயாததாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் அந்தப் பெண்ணின் பதில்: "எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை சாப்பாடு எப்படி சார் அரசியல் ஆச்சு?" என்னிடம் பதில் இல்லை. மௌனமாக இருந்தேன், அதையும் பார்த்தார்கள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. இங்கே முகநூல் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பதிவில் புதிய கமெண்ட் விழுந்தால் அது குழுவின் முகப்பில் மேலே ஏறும். திட்டினாலும் ஏறும், "போதும் நிறுத்துங்க" என்று எழுதினாலும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி புதன் இரவு எல்லோர் முகப்பிலும் முதலில் நின்றது அப்படித்தான். செய்திச் சுட்டிக்குக் கீழே மொத்தம் 63 பதில்கள். எழுதியவர்களில் பதினோரு பேர் அதற்கு முன் எங்கள் குழுவில் ஒரு வார்த்தை எழுதியவர்கள் இல்லை. ஓசூர்க்காரருக்கு ஒவ்வொன்றுக்கும் நோட்டிஃபிகேஷன் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்கு ஒரு கணக்கு, குழுவில் சேர்ந்து மூன்று நாள்தான், ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டது. மாடுகளைச் சந்தையில் வெட்டுக்கு விற்கத் தடை என்று தலைப்பு. "இப்போ வந்த நியூஸ்" என்று மேலே எழுதியிருந்தது. தேதி இருக்க வேண்டிய ஓரம் வெட்டப்பட்டிருந்தது. அது 2017 மே மாதச் செய்தி. மத்திய அரசு அப்போது கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகளுக்கு அதே மாதம் 30ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. ஐந்து வருடப் பழசு.

நான் இதையெல்லாம் எழுதினேன். இன்னொருவர் "தமிழ்நாட்டுல மாட்டுக்கறி சட்டப்படியே தடைதானே" என்று கேட்டதற்கும் எழுதினேன்: உண்ணவோ விற்கவோ இங்கே தடை இல்லை, 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் எந்த மாட்டை வெட்டலாம் என்பதற்கு வயது வரம்பும் சான்றிதழும் கேட்கிறது. இருபது நிமிடம் தேடி எழுதியது. அடுத்த பத்து பதில்கள் விழுந்ததும் அது "முந்தைய பதில்களைக் காண்க" என்ற வரிக்கு உள்ளே போய்விட்டது. அதே ஸ்கிரீன்ஷாட் இன்னும் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அதுதான் கடைசியில், கண்ணில் படும் இடத்தில்.

நடுவில் ஒரு விசித்திரம். அந்தப் பெண்ணுக்கு ஆதரவாக எழுதிய ஒருவர் மோசமாகப் பேசிய இரண்டு பேரை பிளாக் செய்தார். பிளாக் செய்ததும் அவர்களின் கமெண்டுகள் அவர் கண்ணுக்கு மட்டும் மறைந்தன. நான் நீக்கிவிட்டேன் என்று நினைத்து எனக்கு நன்றி சொன்னார். மற்ற அத்தனை பேருக்கும் அவை அங்கேயே இருந்தன. அவர் "இப்பதான் அமைதியா இருக்கு" என்று எழுதிய வரிக்கு நேர் மேலே ஒரு சாதி வசை இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு நான் படுத்துவிட்டேன். மறுநாள் வேலை. சேலத்து ஆசிரியை அதற்கு முன்பே நாற்பது பதில்கள் வரைக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். ஏன் எடுத்தீர்கள் என்று பிறகு கேட்டதற்கு, வகுப்பில் சண்டை நடந்தால் முதலில் கரும்பலகையை அழிக்க விடமாட்டேன் என்றார்.

ஒரு அழுத்தில் 63

இந்திய நேரம் இரவு ஒன்று இருபது. குவைத்தில் பத்து ஐம்பது. குவைத் நண்பர் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தபோது ஒன்பது புகார்கள் காத்திருந்தன. சாதி வசை ஒன்று, மத வசை மூன்று, மற்றவை சும்மா எரிச்சல். ஒவ்வொன்றாகப் படித்து நீக்க அவருக்குத் தெம்பில்லை. செய்திச் சுட்டி இருந்த மேல் கமெண்டை நீக்கினார். மேல் கமெண்ட் போனால் அதன் கீழ் உள்ள எல்லாப் பதிலும் சேர்ந்து போகும். அது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தார். மீட்க வழி கிடையாது.

அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் அந்த அலுப்பில் நானும் அதையே செய்திருப்பேன். காலையில் பார்த்தபோது எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதிதான்.

வியாழன்

ஏழரைக்கு அந்தப் பெண்ணின் செய்தி உள்பெட்டியில் இருந்தது. "என்னைத் திட்டினதும் போச்சு, நான் சொன்ன பதிலும் போச்சு. ஆனா திட்டினதை எல்லாரும் படிச்சாச்சு சார். பதிலைத்தான் பாதிப் பேர் படிக்கல." மன்னிப்புக் கேட்டேன். அவருடைய நீண்ட பதிலை மறுபடி பதிவிடலாமா, பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். போனில் நோட்ஸில் எழுதித்தான் ஒட்டினாராம், இருக்கிறது, ஆனால் தரமாட்டேன் என்றார். "நேத்து ஒரு கேள்விக்குப் பதிலா எழுதினது. கேள்வியே இல்லாதப்ப அதைப் போட்டா நான் என்னமோ சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்."

இதற்குப் பிறகும் நாங்கள் இன்னொரு தப்பு செய்தோம். காலை பத்து மணிக்கு ஒரு அறிவிப்பு: "குழுவின் அமைதி கருதி மாட்டிறைச்சி தொடர்பான பதிவுகள் தற்காலிகமாக அனுமதிக்கப்படாது." மூன்று பேரும் ஒப்புக்கொண்டுதான் போட்டோம். காரணம் எளிது. சண்டைக்குக் காரணமான பொருளை எடுத்துவிட்டால் சண்டை நிற்கும். ஸ்கிரீன்ஷாட் கணக்கையும் வசை பாடிய நால்வரையும் வெளியேற்றினோம். திண்டுக்கல்காரரை எச்சரிக்கவில்லை, அவர் எழுதியதில் வசை இல்லை என்பதால்.

அன்று பிற்பகல் செய்தி வந்தது. கனமழை எச்சரிக்கையைச் சொல்லி பிரியாணித் திருவிழாவை ஒத்தி வைத்துவிட்டார்கள். மாட்டிறைச்சியை விலக்கியதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்ட செய்தியும் அதையொட்டி வந்தது.

சேலத்து ஆசிரியை போன் செய்தார். "விழா நடத்துறவங்க பட்டியல்லேருந்து ஒண்ணை எடுத்தாங்க. நாம என்ன பண்ணியிருக்கோம்?" எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் எங்கள் அறிவிப்பை எனக்கே வாசித்துக் காட்டினார். அரசு விழாவும் பதினோராயிரம் பேர் குழுவும் ஒன்றா என்று வாதாடிப் பார்த்தேன். சரி, அளவு வேறு. செய்த காரியம் ஒன்றுதான். பிரச்சினை வேண்டாம் என்று நினைக்கும்போது எடுக்க வசதியாக இருப்பது எப்போதும் ஒரே தட்டுதான், கோழியை யாரும் எடுப்பதில்லை.

மாலை ஆறு மணிக்கு அறிவிப்பை நீக்கினோம். எட்டு மணி நேரம் நின்றது.

பிறகு நடந்தது

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் குழுவிலிருந்து விலகினார். அறிவிப்புக்காகவா, அழிந்த பதிலுக்காகவா என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல சார், அலுப்பு" என்றார். ஓசூர்க்காரரும் போய்விட்டார். அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அரிசி குழைந்ததா என்று கேட்டவர்.

திண்டுக்கல்காரர் வெள்ளியன்று எனக்கு எழுதியது: "நான் என்னங்க தப்பா சொல்லிட்டேன்? எப்பவும் பேசுறதுதானே?" நான் நீளமாக விளக்க முயன்றேன், அவர் பதில் போடவில்லை. நான்கு நாள் கழித்து அவரே எழுதினார். அந்தப் பெண் தோல் பதனிடும் இடத்தைப் பற்றிக் கேட்டது மனதில் நின்றுவிட்டதாம். அவர் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அந்தத் தொழிலாளிகளின் வீடுகள். முப்பது வருடம் அந்த வழியாக சைக்கிளில் போனவர், ஒரு நாளும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. "அதை அந்தப் பொண்ணுக்கு எழுதலாம்னு போனேன். எழுத இடமே இல்லையே" என்றார்.

எங்கள் கணக்கில் வராமல் போனது இதுதான். காயப்பட்டவருடைய சொல் காணாமல் போனதை அவர் சொல்லித் தெரிந்துகொண்டோம். காயப்படுத்தியவர் தன் சொல்லைத் திருத்திக்கொள்ளத் திரும்பி வரக்கூடும், வந்தால் நிற்க ஒரு இடம் வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவர் எழுதியிருப்பாரா, எழுதியிருந்தால் இவர் ஏற்றிருப்பாரா, தெரியாது. கட்டாயம் ஏற்கவேண்டியதும் இல்லை.

குழு இரண்டு வாரம் சுருண்டு கிடந்தது. பிறகு மாம்பழ சீசன் வந்தது, மல்கோவாவா இமாம்பசந்தா என்று மறுபடி ஆரம்பித்தார்கள்.

மாற்றியவை

விதி எண் 3 இப்போது இல்லை. எதிர்பார்த்ததைவிட அதற்கு மாற்று எழுதுவது கஷ்டமாக இருந்தது. கடைசியில் சேலத்து ஆசிரியையின் வாசகத்தை வைத்தோம்: "எந்த உணவைப் பற்றியும் பேசலாம், கிண்டல் செய்யலாம். அதை உண்பவர் யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்கக் கூடாது." அரசியல் வருகிறதுதான். வந்துவிட்டுப் போகிறது. பழைய விதியில் எது அரசியல் என்று தீர்ப்புச் சொல்ல நான் இருந்தேன், அந்த வேலை எனக்குத் தெரியாது என்பது அன்று வெளுத்தது.

மேல் கமெண்டை நீக்குவதில்லை. சூடு ஏறினால் அந்தப் பதிவில் கமெண்டை மூடுகிறோம். எழுதியது அப்படியே நிற்கும், புதிதாக எழுத முடியாது. வசையை மட்டும் ஒவ்வொன்றாக நீக்குகிறோம், அதற்கு ஒருவர் நாற்பது நிமிடமாவது உட்கார வேண்டியிருக்கிறது. மறு வருடம் வாடகை வீட்டில் கருவாடு வறுக்கலாமா என்று ஒரு சண்டை வந்தது. வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், குடியிருப்பவர்கள் ஒரு பக்கம், நடுவில் வழக்கம்போலச் சாதி. 41ஆவது கமெண்டில் மூடினோம், மறுநாள் மாலை திறந்தோம். இரண்டு பேர் விலகினார்கள், ஒருவர் தன் கமெண்டைத் தானே திருத்தினார். நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு மாதிரி நடக்கவில்லை.

செய்தி ஸ்கிரீன்ஷாட் போட்டால் தேதி தெரிய வேண்டும். தேதி வெட்டியிருந்தால் பொய்யா மெய்யா என்று ஆராயாமல் எடுத்துவிடுகிறோம். என் இருபது நிமிட விளக்கத்தால் ஆகாதது இதனால் ஆகிறது.

சரிசெய்ய முடியாததும் இருக்கிறது. செய்திச் சுட்டியைப் போட்டவர் இன்னும் குழுவில் இருக்கிறார், அவ்வப்போது ஏதாவது ஒரு பதிவின் கீழே சுட்டியைப் போட்டு "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். எந்த விதியையும் அவர் மீறுவதில்லை.

இதை எழுத இருவரிடமும் அனுமதி கேட்டோம். அந்தப் பெண் ஒரு நிபந்தனை போட்டார்: "அந்தக் கறி, அந்த மாதிரி உணவுன்னெல்லாம் எழுதாதீங்க. மாட்டுக்கறின்னு எழுதுங்க." திண்டுக்கல்காரர் தான் சொன்ன வாக்கியத்தை மாற்றாமல் போடச் சொன்னார். கூடவே, அந்தப் பெண்ணுக்கு எழுத நினைத்ததை நான்கு பத்தியாக எழுதி எனக்கு அனுப்பி, சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். வந்திருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இப்போது வேண்டாம் என்றார். என்னிடம்தான் இருக்கிறது.